எத்தனை வாட் சூடு வேண்டும்?

ஜெர்மனியில் புதுவீடு கட்டுகிறவர் வரைபடம் முடிவதற்குள் ஒரு விவாதத்தில் சிக்கிக்கொள்கிறார்: எரிவாயு பாய்லரா, ஹீட் பம்ப்பா, தரைக்கடியில் வெந்நீர்க் குழாயா? 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டட எரிசக்திச் சட்டத் திருத்தத்தை ஒட்டி, முந்தைய ஆண்டு முழுக்க நடந்த அரசியல் சண்டையும் கருவியைப் பற்றியதுதான். நல்ல வெப்பக்காப்பு உள்ள வீட்டில் இந்த வரிசையே தலைகீழ் என்பேன். கடுங்குளிர் நாளில் அந்த வீட்டுக்கு எத்தனை வாட் தேவை என்று முதலில் கணக்கிட்டுவிட்டால், விவாதத்தில் பாதி தானே அடங்கிவிடும்.

டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் 1991-ல் மக்கள் குடியேறிய நான்கு தொடர்வீடுகள்தான், வெப்பக்காப்பால் சூட்டுத் தேவையையே வெகுவாகக் குறைக்கும் 'பாசிவ் ஹவுஸ்' முறையின் தொடக்கம். ஜெர்மானிய இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் ஸ்வீடன் பேராசிரியர் பூ ஆடம்சனும் வகுத்த கருத்து அது. சதுர மீட்டருக்கு 10 வாட் என்ற அதன் புகழ்பெற்ற வரம்பு எங்கிருந்தோ குதித்ததல்ல. ஒரு மனிதருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அந்தக் காற்றை 50 டிகிரிக்கு மேல் சுடவைத்தால் தூசி கருகி நாற்றமடிக்கும். எனவே 20 டிகிரி அறைக்குள் அது சுமந்துவரக்கூடிய வெப்பம் ஆளுக்குச் சுமார் 300 வாட். ஆளுக்கு 30 சதுர மீட்டர் இடம் என்று வகுத்தால் வருவது 10 வாட். அதாவது, எப்படியும் தேவைப்படும் காற்றோட்டக் குழாய்களே வீட்டைச் சூடாக்கப் போதும். 150 சதுர மீட்டர் வீட்டுக்கு மொத்தம் 1,500 வாட்; நம் ஊர்க் குளியலறை கெய்சர் இழுக்கும் 2,000 வாட்டைவிடக் குறைவு. இந்த வீட்டில் 24 கிலோவாட் பாய்லரை மாட்டுவது வீண். பெரிதாக வாங்கிய ஹீட் பம்ப்பும் ஓடி ஓடி நின்று, சீக்கிரம் தேயும். சின்ன மரக்கட்டை அடுப்புகூட அறையை வேகவைத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் தீயின் அழகுக்காக வாங்கினால் அது வேறு கணக்கு.

அப்படியானால் மலிவான மின் ஹீட்டர் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாசிவ் ஹவுஸின் ஆண்டு வரம்பு சதுர மீட்டருக்கு 15 யூனிட். நம் வீட்டுக்கு 2,250 யூனிட். சூடாக்க மட்டும் என்றால் ஹீட்டரே போதும் என்று நானும் சொல்லியிருப்பேன். கணக்கை மாற்றுவது குளியலறை. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் தண்ணீரை 10-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால், நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,100 யூனிட்டுக்கு மேல் போகிறது. குளிர்காலத்துக்கு நிகரான இந்தச் செலவு கோடையிலும் ஓயாது. சுவரில் எத்தனை அடுக்கு காப்பு வைத்தாலும் குறையாது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் தரும் சிறிய ஹீட் பம்ப் வெந்நீரையும் அறையையும் சேர்த்துக் கவனித்தால், 4,350 யூனிட் தேவை 1,450 மின் யூனிட்டில் முடிகிறது. ஆகவே வெந்நீருக்கு ஏற்றதாகக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அறைச்சூடு அதோடு வந்துவிடும்.

தரைக்குழாய்க்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். வெறுங்காலுக்கு இதமான தரை வேண்டும் என்பார்கள். ஆனால் சதுர மீட்டருக்கு 10 வாட் மட்டும் பாய்ந்தால் தரை, அறைக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு டிகிரிதான் சூடாக இருக்கும். காலுக்கு அது தெரியவே தெரியாது. கோடையில் அதே குழாய்களில் குளிர்நீர் ஓட்டும் திட்டம் இருந்தால் மட்டும் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

வலுவான ஆட்சேபம் வேறு. கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. மனிதர்கள் 22, 23 வைத்துக்கொள்வார்கள், கொத்தனாரும் எங்காவது இடுக்கு விடுவார். உண்மைதான், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் திறன் வைக்கலாம். அதை நான்கு மடங்காக்குவது மருந்தல்ல. விசிறி வைத்து வீட்டின் காற்றுக்கசிவை அளக்கும் சோதனை உண்டு. 50 பாஸ்கல் அழுத்தத்தில், மணிக்கு வீட்டுக் காற்றின் அளவில் 0.6 பங்குக்கு மேல் கசியக்கூடாது. காற்றுத்தடுப்பு அடுக்கு முடிந்து, அது மூடி மறைக்கப்படுவதற்கு முன்பே சோதனையைச் செய்தால், கசியும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுநாடாவால் அன்றே அடைத்துவிடலாம்.