ஜப்பானிய இலக்கணம்: எளிதும் இடறும்

ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்று வந்துவிடும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதும் அதே வரிசையில் 'கினோ கத்தா ஹோன்' ஆகும். இத்தகைய ஒற்றுமைகளை முன்வைத்துச் சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கோ அந்த ஒற்றுமை கைகொடுக்கவே செய்கிறது.

வேற்றுமை உருபின் வேலையைச் செய்பவை 'ஜோஷி' எனப்படும் இடைச்சொற்கள். 'ஓ' என்பது 'ஐ'. 'நோ' என்பது 'உடைய'. தமிழருக்கு இடறுவது 'இல்' வரும் இடம். டோக்கியோவில் இருக்கிறேன் என்றால் 'தோக்யோ நி இமாஸ்'. டோக்கியோவில் வேலை செய்கிறேன் என்றால் 'தோக்யோ டெ ஹதராகிமாஸ்'. இருப்புக்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'டெ'.

எழுவாயிலும் இரண்டு உண்டு. எதைப் பற்றிப் பேச்சு என்பதை 'வா' காட்டும். யார், எது என்று குறிப்பாகச் சுட்டுவது 'கா'. இந்தக் 'கா' கங்கையின் முதல் ஒலிபோல மெலிந்து ஒலிக்கும். வாக்கியக் கடைசியில் வரும் கேள்விக் 'கா' வல்லொலி. 'டாரே கா கிமாஷ்தா கா' என்றால் 'யார் வந்தார்?'. 'யார்' எழுவாயாக வரும்போது 'வா' சேராது. விடையும் 'தனாகா-சான் கா கிமாஷ்தா' என்றே வரும்; 'தனாகாதான் வந்தார்' என்ற அழுத்தம் அதில் உண்டு.

வினைக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே வடிவம். பணிவான பேச்சில் நான்கு வடிவங்கள் போதும்: யோமிமாஸ், யோமிமாஷ்தா, யோமிமாசென், யோமிமாசென் தேஷ்தா. முறையே படிக்கிறேன், படித்தேன், படிப்பதில்லை, படிக்கவில்லை. வினைகள் மூன்று வகை; மூன்றாம் வகையில் இருப்பவை முக்கியமாக இரண்டே: 'சுரு' (செய்), 'குரு' (வா).

'தபேத்தே' என்பது 'சாப்பிட்டு' என்ற வினையெச்சம். பார் என்னும் 'மிரு'வைச் சேர்த்தால் 'தபேத்தே மிரு', அதாவது சாப்பிட்டுப் பார்ப்பது.

பெயரடையும் காலம் காட்டும். குளிரைக் குறிக்கும் 'சமுயி', 'சமுகத்தா' ஆனால் குளிராக இருந்தது. 'சமுகுனாய்' ஆனால் குளிராக இல்லை.

இருப்பைச் சொல்ல, உயிருள்ளவற்றுக்கு 'இமாஸ்', மற்றவற்றுக்கு 'அரிமாஸ்'. தமிழில் அஃறிணையான நாய்க்கு இங்கே மனிதரோடு சேர்த்து 'இமாஸ்', மரத்துக்கு 'அரிமாஸ்'.

1984-இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, 2010 முதல் ஐந்து நிலைகளில் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். மேலே பார்த்த இலக்கணத்தில் பெரும்பகுதி அத்தேர்வின் அடிநிலையான என்5-க்கு உரியது. 'மிரு' போன்ற துணைவினைகள் வழக்கமாக அடுத்த நிலையான என்4-இல் வரும்.