கல்லும் காலமும் – 17: வேப்பேரியில் ஓர் ஆர்மீனிய ஆலயம்

சென்ற வாரம் செங்கம் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் நின்றிருந்தோம். ஆநிரை மீட்கப் போய் மாண்ட பல்லவர் கால வீரர்களின் நடுகற்களை அங்கே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வீரனின் பெயர் மறந்துபோயிற்று; கல்லுக்குப் பொங்கல் வைப்பது மறக்கவில்லை. அதனால்தான் கல் பிழைத்தது.

பிழைக்காத ஆலயம் ஒன்று சென்னையில் உண்டு. வேப்பேரி தனிக் கிராமமாக இருந்த காலத்தில், அங்கே அற்புத மாதாவுக்குச் சிற்றாலயம் எழுப்பியவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலமும், பரங்கிமலைக்குப் படிகளும் சொந்தப் பணத்தில் கட்டித் தந்தவர் அவர்தான். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் அவர் சாயவில்லை, சொத்து பறிபோனது. 1749இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. கத்தோலிக்கக் குருமார் எதிரிக்குத் துணைபோனார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சந்தேகம். உஸ்கான் 1751 ஜனவரியில் கண்மூடினார். மறு ஆண்டே ஆலயம் புராட்டஸ்டன்ட் மிஷனரி ஃபெப்ரீஷியுஸ் வசம் போனது.

தமிழுக்கு அதனால் நன்மையும் விளைந்தது. பாண்டிச்சேரியில் கைப்பற்றிய அச்சகம் 1761இல் வேப்பேரிக்கு வந்தது. ஃபெப்ரீஷியுஸின் தமிழ் அகராதி 1779இல் அங்கே அச்சேறியது. அந்த அகராதியைக் கொண்டாடுகிறேன். ஆனாலும் கம்பெனிக்கு விசுவாசமாக நின்றவர் கட்டிய ஆலயத்தைக் கம்பெனியே பிடுங்கிக் கொடுத்தது அநியாயம்தான். 1820களில் அந்த இடத்தில் தூய மத்தியா ஆலயம் எழுந்தது. உஸ்கானின் கல்லறைக்கல் அதன் வளாகத்தில் இருக்கிறது.

அவருடைய இதயத்தை மட்டும், அவர் விருப்பப்படி, ஈரானிலுள்ள புது ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். அது அகதிகளின் ஊர். அராஸ் நதிக்கரைப் பழைய ஜுல்ஃபாவிலிருந்து 1604–05இல் ஷா அப்பாஸ் பெயர்த்துக் கொண்டுபோன ஆர்மீனியர்கள் அமைத்தது. விட்டுவந்த ஊரில் முன்னோரின் சிலுவைக் கற்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. இன்று அந்த இடம் அஜர்பைஜானின் நக்சிவான் பகுதி. மிஞ்சியிருந்த கற்களை 2005 டிசம்பரில் படைவீரர்கள் சம்மட்டியால் உடைத்தார்கள். எதிர்க்கரையான ஈரானிலிருந்து அதைப் படம்பிடித்தார்கள். கிராமத்துக் கோயில்களுக்கும் அதே கதி. மடங்கள், தேவாலயங்கள், கல்லறைத் தோட்டங்கள் என நக்சிவானில் 110 ஆர்மீனியச் சின்னங்களை ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் தேடி, 2022இல் அறிக்கை தந்தார்கள். அவற்றில் 108, 1997க்கும் 2011க்கும் இடையில் அழிக்கப்பட்டிருந்தன. பல நூற்றாண்டு நின்ற ஆலயங்கள், பதினான்கே ஆண்டுகளில்!

அவை எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிவதற்குப் பெரிதும் காரணம் ஆர்கம் ஐவாஸ்யான். 1964 முதல் ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து வைத்த மனிதர்.

செங்கம் நடுகற்களை நம் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. நூலில் ஏறாத கற்கள் மலையில் இன்னும் உண்டு. ஜவ்வாது மலைக்காரர்களே, உங்கள் கொல்லையிலோ ஏரிக்கரையிலோ எழுத்துள்ள கல் இருந்தால் பெயர்க்காதீர்கள், பெயின்ட் பூசாதீர்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

(தொடரும்)