பாகற்காய்ப் பழ ஈ
ஸூகோடாகஸ் குக்கர்பிட்டே • நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர்

கருவாடு காயும் கடியப்பட்டணத்தில் வீட்டுக்குள் ஈ வருவது புதிதல்ல. ஆனால் சன்னலோரம் உட்காரும் இந்த மஞ்சள்பழுப்பு ஈ மீன் வாடைக்கு வந்ததல்ல; காய்கறிக் கூடையோடு வந்தது.

இறகைப் பாருங்கள். வீட்டு ஈயின் இறகில் எந்தக் கறையும் இராது. இதன் இறகிலோ முன்விளிம்பு நெடுக ஒரு பழுப்புப் பட்டை ஓடி, நுனியில் அகன்று பொட்டாகிறது. வெளிப்புறக் குறுக்கு நரம்பின் மேல் இன்னொரு கறை படிந்திருக்கும். மாம்பழ ஈக்கு விளிம்புப் பட்டை மெலிந்தது. அந்தக் குறுக்குக் கறையும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய இந்த அடையாளம் பெரிதும் உதவும்.

பெண் ஈயின் பின்முனையில் கூராக நீள்வது கொடுக்கு அல்ல, பிஞ்சைத் துளைத்து முட்டையிடும் குழல். இது மனிதரைக் கொட்டாது. பாகல், புடலை, வெள்ளரி, பீர்க்கு ஆகியவற்றின் சதையைப் புழுக்கள் தின்று அழுகவைக்கும். பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

ஹவாய்த் தீவுகளில் பிடித்த ஈக்களைக் கொண்டு 1899-இல் பூச்சியியலாளர் கோக்கிலெட் இதற்குப் பெயரிட்டார். பூர்வீகமோ இந்தியப் பகுதி என்றே கருதப்படுகிறது.

புழு விழுந்த காயைக் குப்பைமேட்டில் எறியாதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.