தண்ணீரில் மூழ்கும் எண்ணெய்

எண்ணெய் என்றால் தண்ணீரில் மிதக்கும் என்பது நாம் அறிந்தது. வெனிசுவேலாவில் ஓரினோக்கோ ஆற்றின் வடகரையை ஒட்டி, சுமார் 55,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், மணற்படுகைகளுக்குள் கிடக்கும் கச்சா எண்ணெய் அந்த வழக்கத்துக்கு அடங்காது. அதன் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்தியேதான். சில இடங்களில் எடுத்ததைத் தண்ணீரில் விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும். நிலத்தடிச் சூட்டில் மெல்ல நகரும். மேலே வந்து ஆறியதும் வெல்லப்பாகு போல இறுகி, குழாயில் ஓட மறுக்கும்.

இது நுண்ணுயிர்கள் செய்த வேலை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஆழத்தில் உருவான எண்ணெய், பாறை அடுக்குகளின் சரிவில் மேலேறித் தெற்கே வந்து, ஆழம் குறைந்த மணலில் தங்கியது. சுமார் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பாறையில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. இங்கே அந்தச் சூடு இல்லை. எண்ணெயின் இலேசான பகுதிகளை அவை காலங்காலமாகத் தின்று தீர்த்தன. பெரிய மூலக்கூறுகளும் கந்தகமும் வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் மிஞ்சின. உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள நாடு என்று வெனிசுவேலாவைச் சொல்கிறோமே, அந்த இருப்பில் மிகப் பெரும்பகுதி இந்த மிச்சம்தான்.

அந்தக் கணக்கையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 2005 வாக்கில் நாடு காட்டிய இருப்பு சுமார் 8,000 கோடி பீப்பாய். 2010 முடிவில் அது ஏறக்குறைய 30,000 கோடியாகி, சவூதி அரேபியாவை முந்தியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பூமிக்குள் ஒரு சொட்டும் புதிதாக ஊறவில்லை. சந்தையில் விலை ஏறியதால், எடுத்தால் கட்டுப்படியாகும் என்று பழைய எண்ணெயைப் புதிதாகக் கணக்கில் சேர்த்தார்கள். விலை விழுந்தால் அதே எண்ணெயை எடுப்பது நஷ்டம். பூமிக்குள் கிடக்கும் எண்ணெய் தானாகச் செல்வம் ஆகிவிடாது. அதை எடுக்கத் தெரிந்தவர்களும், தொடர்ந்து போடும் முதலும் வேண்டும். வெனிசுவேலாவின் கதையே இதை மறந்த கதை என்பேன்.

மறப்பதற்கும் காரணம் இருந்தது. முதலில் கிடைத்த எண்ணெய் அவ்வளவு எளிதாக வந்தது. 1922 டிசம்பரில் மரக்கைபோ ஏரிக்கரையில், கபிமாஸ் அருகே, பரோசோ-2 என்ற கிணறு பீறிட்டது. ஒன்பது நாட்கள், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பீப்பாய். காபியும் கொக்கோவும் விற்றுப் பிழைத்த நாடு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகின் முன்னணி எண்ணெய் ஏற்றுமதியாளர் ஆனது. அதே ஏரிக்கரையில் லகுனில்லாஸ் என்ற ஊர் இருக்கிறது. எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, இளகிய மணல் துகள்கள் நெருங்கிப் படிந்து, நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஏரியின் நீர்மட்டத்துக்குக் கீழே தெருக்கள். தண்ணீரைத் தடுத்து நிற்பது நீண்ட கரையணை ஒன்று. கிணறுகள் வற்றினாலும் அந்த அணையைப் பராமரிக்கும் செலவு தீராது.

டாலர் குவிந்ததும் பொலிவார் நாணயத்தின் மதிப்பு ஏறியது. ஆண்டஸ் மலைச்சரிவில் காபி விளைவித்தவர் விற்றுப் பெற்ற டாலரை மாற்றினால், கைக்கு வந்த பொலிவார் குறைந்தது. இறக்குமதிச் சரக்கு மலிந்தது. வேளாண்மை மெலிந்து, ஆட்கள் எண்ணெய் முகாம்களுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். எண்ணெய்ப் பணத்தை உழவிலும் தொழிலிலும் விதைக்க வேண்டும் என்று ஆர்த்துரோ உஸ்லார் பியெத்ரி என்ற எழுத்தாளர் 1936லேயே பத்திரிகையில் எழுதினார். அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டன, செயலில் காட்டவில்லை.

அரசின் இயல்பும் மாறியது. குடிமக்களிடம் வரி வாங்கிப் பிழைக்கும் அரசு, நல்லதோ கெட்டதோ, அவர்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கப்பல் புறப்பட்டாலே கஜானா நிரம்புகிறது என்றால் அந்த அவசியம் இல்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே அரசியலாகிவிடும். 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலை ஏறி, பேருந்துக் கட்டணம் கூடியதும் கராகாஸ் கொந்தளித்தது; நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1996இல் ஏற்றிய பெட்ரோல் விலையை அதற்கடுத்த 20 ஆண்டுகள் எந்த ஆட்சியும் தொடவில்லை. கெட்ட காலத்துக்கென்று 1998இல் ஒரு சேமிப்பு நிதி தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் பெரும்பகுதியை எடுத்துச் செலவழித்தார்கள். 2014இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கைகொடுக்க அது இல்லை. நோட்டு அச்சடித்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். 2018இல் பணவீக்கம் 1,30,000 சதவீதம் என்று மத்திய வங்கியே ஒப்புக்கொண்டது. எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஓரினோக்கோ எண்ணெய் தன் தேவைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதை ஓட வைக்க நாப்தா போன்ற இலேசான திரவத்தைக் கலக்க வேண்டும். கடற்கரை ஆலைகளில் சூடேற்றி, கனமான மூலக்கூறுகளை உடைத்துத் தரம் உயர்த்த வேண்டும். அதில் தேர்ந்த கைகள் போய்விட்டன: 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பின் அரசு எண்ணெய் நிறுவனம் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பராமரிப்புக்குப் போக வேண்டிய பணம் வேறு செலவுகளுக்குப் போனது. அமெரிக்கத் தடை 2019இல் வந்து, எண்ணெய் விற்பனையோடு நாப்தா வரத்தையும் நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்பே உற்பத்தி 1990களின் இறுதியில் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிருந்தது. 2020 நடுவில் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பீப்பாய்கூட வரவில்லை.

உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு வளாகங்களில் ஒன்று அந்நாட்டின் பராகுவானா தீபகற்பத்தில் இருக்கிறது. 2020 மே மாதம், ஈரானிலிருந்து ஐந்து கப்பல்களில் பெட்ரோல் வந்து இறங்கியபோதுதான் அங்கே வண்டிகள் ஓடின.