நிலத்தின் பணமா, உழைப்பின் பணமா? – தொடர்
கிராமக் கணக்கு எண் 2

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராக. பி.எம். கிசான் பற்றிய இந்த விவரம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறி, பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்து வன உரிமை நிலங்களைப் பேசுவதாகச் சென்ற வாரம் முடித்திருந்தோம். அதற்குமுன் அடிவாரத்திலேயே ஒரு கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

இந்தப் பணம் பட்டாவுக்குத்தான் வருகிறது, பயிருக்கு அல்ல. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் குடும்பம் தகுதி பெறும். அதன்பின் பெயர் மாறியிருந்தால், வாரிசாக வந்தவருக்கு மட்டுமே விலக்கு. ஒடுகத்தூரில் நிலம் வைத்துக்கொண்டு வெளியூரில் குடியிருப்பவர் தகுதிக்குள் வந்துவிடுவார். அந்த நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்து நெல்லோ நிலக்கடலையோ போடுபவர் வரமாட்டார். விதை, உரம், கூலி எல்லாம் அவர் கையிலிருந்து போகிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் நிலமில்லாதவரையும் இந்தத் திட்டம் விவசாயியாகப் பார்ப்பதில்லை. அது தனி அநியாயம். இன்னொரு வாரம் அதற்கென்றே வேண்டும்.

'உழுபவர் யார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்?' என்பதுதான் வழக்கமான கேள்வி. தெரியும், எழுதியே வைத்திருக்கிறது என்பதுதான் இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி. அடங்கல் என்று நாம் சொல்வது கிராமக் கணக்கு எண் 2. நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டாவுக்கு எண் 10(1). நிலத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டாம் இடம், யாருக்குச் சொந்தம் என்பதற்குப் பத்தாம் இடம்! புல எண், பரப்பு, உழுபவர் பெயர், பயிர், பாசனம் என்று பசலிதோறும் அடங்கலில் பதிவாக வேண்டும். பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. முகலாயர் காலத்தில் அறுவடையையும் வரிவசூலையும் ஒட்டி வகுத்த ஆண்டுக் கணக்கு, இன்றும் ஜமாபந்தியில் உயிரோடு இருக்கிறது. வரி வாங்க வயலைப் பார்த்து எழுதிய அரசு, பணம் கொடுக்கும்போது மட்டும் வயலைப் பார்க்க மறுக்கிறது. அதே அரசு பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் அடங்கலைத்தான் கேட்கிறது.

அடங்கலில் பொய் எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் 2020-இல் தமிழ்நாட்டில் வெடித்த மோசடி, பட்டாவை அடிப்படையாகக் கொண்ட இதே திட்டத்தில்தான் நடந்தது. அலுவலகக் கடவுச்சொற்கள் கைமாறி, தகுதியற்ற லட்சக்கணக்கான பெயர்கள் ஏறின, நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு வந்தது. யாரும் வயலில் போய்ப் பார்க்காததால் வந்த வினை அது. அடங்கலை ஒழுங்காக எழுதினால் வயலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

நில உரிமையாளரின் அச்சம் இதைவிடக் கனமானது: பெயர் ஏறினால் குத்தகைதாரர் உரிமை கோருவாரோ என்பது. 1969-ஆம் ஆண்டின் குத்தகைப் பதிவுச் சட்டம் நம்மிடம் இருந்தும் பெரும்பாலான குத்தகை வாய்மொழியாகவே நடப்பதற்கு இந்த அச்சமே முக்கியக் காரணம். ஆந்திரம் 2019-இல் சாகுபடியாளருக்குப் பதினொரு மாத அட்டை கொடுத்தது. அதனால் நில உரிமை மாறாது. உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்டதுதான் அதன் குறை. ஒடிசாவின் காலியா திட்டம் பங்குச் சாகுபடியாளரையும் நிலமற்றவரையும் சேர்த்தது. வழி இருக்கிறது. குத்தகைக்கு உழுபவர்கள் இந்தப் பசலியின் அடங்கலில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் மலையேறுவோம்: சாமை விளையும் வன உரிமை நிலத்துக்கு எந்தக் கணக்கு என்று பார்ப்போம்.