காமன் கூத்து

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் இசை நாடகம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்தது.

சிவனின் தவத்தைக் கலைத்த காமன் என்ற மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிவதும், மனைவி ரதியின் வேண்டுதலால் மீள்வதுமே கதை. அமாவாசைக்குப் பின் காமன் பொட்டல் எனப்படும் திறந்த வெளியில் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மன்மதன் வேடமிட்டவர்கள் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும் சென்று ஆடுவார்கள். மரபில் ரதி வேடமிடுபவரும் ஆணே. பௌர்ணமி இரவில் காமன் தகனம். விடிய விடிய நடக்கும் அந்த ஒரு இரவில்தான் கூத்தின் முழு வீச்சும் தெரியும்.

வசனத்தைவிடப் பாட்டே கதையை நடத்துகிறது. தப்பு என்ற தோற்கருவிதான் உயிர்நாடி: அதன் தோலை நெருப்பில் காய்ச்சி, சுருதி ஏறிய பிறகே அடிப்பார்கள். காமன் எரிந்தான் என்போர் எரிந்த கட்சி, எரியவில்லை என்போர் எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி என்ற வாதப் பாட்டுப் பாடுவதும் உண்டு.

காமன் கூத்தைப் போலவே அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவையும் மலையகக் கூத்துகளே. முன்னதில் அருச்சுனன் உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவான்.

காமன் கூத்தில் கம்பம் ஊன்றும் இடம் வழிபாட்டுக்குரியது. பார்க்கப் போனால் அங்கே காலணியுடன் செல்ல வேண்டாம்.