கிரேக்கத் தொடர்புப் பிரதிப்பெயரும் தமிழ்ப் பெயரெச்சமும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களில் "கொழுந்து வந்த தொழிற்சாலை" என்றாலும் "கொழுந்து வந்த மலை" என்றாலும் கேட்பார் மயங்கார். முன்னதிற் கொழுந்து சென்றடைந்தது. பின்னதினின்று அது புறப்பட்டது. இரண்டிலும் பெயரெச்சம் ஒன்றே. சேருமிடமோ நீங்குமிடமோ என்பதனைச் சொல் காட்டவில்லை. தோட்ட நடைமுறையறிந்த செவியே காட்டுகின்றது.

பண்டைக் கிரேக்கம் இதனைச் செவிக்கு விட்டுவிடுவதில்லை. அதன் தொடர்புப் பிரதிப்பெயர் ஆண்பாலில் ஹொஸ், பெண்பாலில் ஹே, நபுஞ்சகலிங்கத்தில் ஹொ என நிற்கும். பாலையும் எண்ணையும் அது தன் முற்பெயரினின்று பெறும். வேற்றுமையையோ தான் நிற்கும் வாக்கியத்தினின்று பெறும். செயப்படுபொருளாயின் ஹொஸ் என்பது ஹொன் ஆகும். உடைமைப் பொருளில் ஹூ ஆகும். "எக்ஸ் ஹூ" என்றால் எதிலிருந்து என்பதும், "எயிஸ் ஹொ" என்றால் எதனுள் என்பதும் வெளிப்படை. சிலவேளை முற்பெயரின் வேற்றுமை பிரதிப்பெயரைத் தன்பால் இழுத்துவிடுதலும் உண்டு. இலக்கணம் எங்கும் இரும்பு வேலியன்று.

தொல்காப்பியர் பெயரெச்சம் கொள்ளும் பெயர்களை நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாக வகுத்தார். நன்னூலாரும் ஆறே கொண்டார். "வெட்டிய கத்தி" என்பதிற் கத்தி கருவியென உருபின்றியே உணர்கிறோம். ஆயின் உடனிகழ்ச்சி இவ்வாறனுள் இல்லை. "எந்தக் கங்காணியோடு அவன் வந்தானோ அந்தக் கங்காணி" என்பதனை "அவன் வந்த கங்காணி" எனச் சுருக்கவியலாது. அங்கே "எந்த… அந்த" என்னும் நீண்ட வழியே துணை.

விவிலியத்தைத் தமிழாக்கினோர் இவ்விடரை அடிக்கடி கண்டிருத்தல் வேண்டும். சீகன்பால்கு கிரேக்கத்தினின்று பெயர்த்த புதிய ஏற்பாடு 1714–1715இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற பெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. எபேசியர் நிருபம் முதலதிகாரத்தின் 3 முதல் 14 வரையான வசனங்கள் மூலத்தில் ஒரே வாக்கியம். "என் ஹோ", அஃதாவது "எவருள்", என்னும் தொடர் அதனை மீண்டும் மீண்டும் முடிந்து செல்கின்றது. அத்தனையையும் தமிழில் ஒரு பெயருக்கு முன் எச்சமாக அடுக்கினால் வாசகன் மூச்சடைப்பான். வாக்கியத்தைப் பிரித்து "அவருள்" எனத் தொடங்கினால் பொருள் நிற்கும். எது எதனைச் சார்ந்தது என்னும் பிணிப்பு மட்டும் தளரும்.

ஹொஸ் என்பதும் வடமொழி யஃ என்பதும் ஒரே மூலத்தின் கிளைகள். வடமொழிக்கு உறவான சிங்களமோ பேச்சு வழக்கில் அதனைக் கைவிட்டு, தமிழைப் போன்றே எச்சத்தைப் பெயருக்கு முன் நிறுத்துகின்றது. "மம கியவன பொத" என்பது சொல்லுக்குச் சொல் "நான் வாசிக்கிற புத்தகம்" ஆகும். இது நெடுங்காலத் தமிழ்த் தொடர்பின் விளைவென்பர் அறிஞர் சிலர். ஆதலின் சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைக்கு அயலவர் மொழியின் இத்தொடர் எளிது. ஆங்கிலத் தொடரே கடினம்.

அவ்வாங்கிலத்தில் எழுந்ததே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தந்தையின் பிறப்பிடத்தை, அன்றேற் பாட்டன் பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தை, அது அளவுகோலாக்கிற்று. தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அத்தகைய விதியைத் "தந்தை இலங்கையிற் பிறந்தவர்" எனப் பெயர்த்தால், அது தந்தையைப் பற்றிய செய்தியா, மகனைக் குறிக்கும் பெயரா என்னும் ஐயம் எழும். "எவருடைய தந்தை இலங்கையிற் பிறந்தாரோ அவர்" என்பது செவிக்குக் கரடுமுரடு. எனினும் கிரேக்கத்தின் ஹூ செய்யும் வேலையை அதுவே முழுதுஞ் செய்கின்றது.